மூழ்கிய கப்பலும் இறந்தோர்க்கான கடமையும்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'பட்டாவியா' கப்பல் 1629 ஜூன் 4 அன்று, மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பாலுள்ள ஹவுட்மன் அப்ரோலோஸ் தீவுகளின் பவளப்பாறையில் மோதி உடைந்தது. தளபதி பெல்சார்ட் உதவி தேடி ஜாவாவுக்குச் சென்றிருந்தபோது, தீவுகளில் ஒதுங்கியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை, அதே கப்பலில் வந்த ஜெரோனிமஸ் கார்னலிசின் கூட்டம் கொன்றது. கப்பலின் எச்சம் 1963இல் அடையாளம் காணப்பட்டது. 1970களில் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ஆய்வுக்குழு கடலடியில் அகழாய்வு செய்து, கப்பலின் மரப்பகுதிகளைக் கரையேற்றியது. தீவிலிருந்த புதைகுழிகளும் பின்னர் ஆராயப்பட்டன.

இத்தகைய இடங்களைத் தோண்டுவது இறந்தோருக்கு இழைக்கும் தீங்கா? மரணத்தோடு உணர்வு முழுதும் அற்றுப்போவதால் இறந்தவருக்குத் தீங்கே இல்லை என்பது எபிகூரஸின் நிலை. வழித்தோன்றல்களின் நன்மை தீமைகள் இறந்தவரைச் சிறிதளவேனும் தொடக்கூடும் என அரிஸ்டாட்டில் கருதினார். அடக்கச் சடங்கு இறந்தவருக்கு உதவுவதைவிட வாழ்வோருக்கே ஆறுதல் தருகிறது என்ற அகஸ்டின், உடலை அவமதிக்கலாகாது என்றும் வலியுறுத்தினார்.

பட்டாவியா புதைகுழிகளில் கிடைத்த எலும்புகளிலுள்ள வெட்டுக்காயங்கள் அந்தக் கொலைகளுக்குச் சான்றாகின்றன. அந்த வகையில் அகழாய்வு, கொல்லப்பட்டோர் சார்பில் உண்மையை நிறுவும் கடமையாகவும் அமைகிறது. பொருளாசையால் தோண்டுவதற்கு இந்த நியாயம் பொருந்தாது. 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையும் கடலடி மரபுச் சின்னங்களை வணிகமாக்குவதைத் தடுக்கிறது. இருந்த இடத்திலேயே பாதுகாப்பதை முதல் தெரிவாக வைக்கிறது. மனித எச்சங்களுக்கு உரிய மரியாதையைக் கோருகிறது.