வலமும் இடமும் கேட்ட தாய்



இன்று திருத்தூதர் யாக்கோபின் திருவிழா. சற்றுமுன் வாசித்த நற்செய்தியில் செபதேயுவின் மனைவி, யாக்கோபு உட்படத் தன் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு இயேசுவிடம் வருகிறார். ஆட்சி வரும்போது ஒருவன் வலப்பக்கமும் மற்றவன் இடப்பக்கமும் உட்கார வேண்டும் என்று கேட்கிறார். இந்த அம்மாவை நினைத்தால் எனக்குத் தென்கொரியாவின் ஒரு மலைதான் கண்முன் வரும்.

தேகு நகரத்தை ஒட்டி பல்கோங் மலை. அதன் ஓர் உச்சியில், சுமார் 850 மீட்டர் உயரத்தில், சில்லா அரசர் காலத்துக் கல் புத்தர் அமர்ந்திருக்கிறார். தலைமேல் தட்டையான பெரிய கல் ஒன்று தொப்பி போல இருக்கும். காத்பாவி என்று சொன்னால் கொரியாவில் தெரியாதவர் இல்லை. மனமுருகி வேண்டினால் ஒரே ஒரு வேண்டுதலைத் தருவார் என்பது மக்களின் நம்பிக்கை. ஒன்றுதான் என்பதால் எதைக் கேட்பது என்று ஏறும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆயிரத்துக்கு மேல் படிகள். யோசிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

நான் ஏறியது நவம்பரில். அங்கே நவம்பர் என்றால் சுனுங், அதாவது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. ஏறக்குறைய 5 லட்சம் பிள்ளைகள் ஒரே நாளில் எழுதுகிறார்கள். அன்று காலை அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கும். ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடையெழுதும் அந்த அரைமணி நேரம் நாட்டில் விமானம் ஏறாது, இறங்காது. தாமதமான பிள்ளையைப் போலீஸ்காரர் தன் வண்டியிலேயே கொண்டுபோய் விடுவார்.

உச்சியில் இருந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் அம்மாக்கள். அந்தச் சிலையே, இறந்துபோன தாயின் நினைவாக ஒரு துறவி செதுக்கியது என்று கதை உண்டு. தாய்க்காக மகன் செதுக்கியதாகச் சொல்லும் கல்லுக்கு முன் இப்போது மகனுக்காகத் தாய்மார். ஒலிபெருக்கியில் மருத்துவ புத்தரின் பெயர் ஓயாமல் ஒலிக்கிறது. எனக்குப் பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா 108 முறை விழுந்து வணங்கிக்கொண்டிருந்தார். நிற்பது, மண்டியிடுவது, நெற்றி தரையில் படுவது, மறுபடி எழுவது. மூட்டுக்கு உறை போட்டிருந்தார். பாயின் தலைமாட்டில் பள்ளிச் சீருடையில் ஒரு பையனின் புகைப்படம், காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு முறை குனியும்போதும் அவர் முகம் அந்தப் படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

எனக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது. அக்கா மகள் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரைச் சொல்லி அங்கேயே நின்று செபித்தேன். “சாமி, புத்தர் கோயிலில் போய்க் கும்பிட்டீர்களா?” என்று சிலர் கேட்பீர்கள். நான் வேண்டியது நம் ஆண்டவரிடம்தான். மற்றச் சமயங்களில் உண்மையானதும் தூயதுமாக இருக்கும் எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சொல்லிவிட்டது. மகளுக்காகக் கெஞ்சி வந்த கானானியப் பெண்ணிடம், முதலில் மறுத்த இயேசுவே பிறகு அவள் நம்பிக்கையைப் பாராட்டினார். மலையில் விழுந்து வணங்கிய அந்த அம்மாவின் கண்ணீரை நம் தந்தை பார்க்காமல் இருப்பாரா?

என்னை உறுத்தியது வேறு. சுனுங்கில் கொரிய மொழிக்கும் கணக்குக்கும் தரம் போடும் முறை இது: எழுதியவர்களில் முதல் 4 விழுக்காட்டினருக்குத்தான் முதல் தரம். வரிசையாகப் பாய் விரித்திருக்கும் இந்தத் தாய்மாரில் ஒருவருடைய வேண்டுதல் பலித்தால், பக்கத்துப் பாயில் இருப்பவருடையது பலிக்காமல் போகலாம். நம் ஊரில் மட்டும் என்ன? 20 லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் நீட் எழுதுகிறார்கள், எம்.பி.பி.எஸ். இடம் லட்சத்துச் சொச்சம். என் அக்கா மகள் உள்ளே போக வேண்டும் என்று நான் கேட்டால், யாரோ ஒரு பிள்ளை வெளியே நிற்கட்டும் என்றும் சேர்த்தே கேட்கிறேன். அந்த இரண்டாவது பாதியை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

செபதேயுவின் மனைவியும் சொல்லவில்லை. ஆனால் மற்றப் பத்துச் சீடர்களுக்கும் அது நன்றாகவே கேட்டது; கோபம் வந்துவிட்டது. அவர்களுக்கும் அதே இருக்கைமேல்தான் கண். இயேசு அந்தத் தாயைத் திட்டவில்லை, கவனித்தீர்களா? கேட்டதற்காக ஒரு கடுஞ்சொல் இல்லை. என்ன கேட்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை என்கிறார், அவ்வளவுதான்.

தேகுவில் நமக்கும் ஒரு வேண்டுதல் தலம் உண்டு. 1911இல் அங்கே முதல் ஆயராகப் பொறுப்பேற்ற ஃப்ளோரியன் டெமாஞ்ச், புதுச்சேரிக்குக் குருக்களை அனுப்பிய அதே பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். கையில் காசில்லை. ஆயர் இல்லம், குருமடம், பேராலய விரிவாக்கம் மூன்றும் நிறைவேறினால் கெபி கட்டுவதாக லூர்து மாதாவிடம் நேர்ந்துகொண்டார். 1918இல் கட்டியும் முடித்தார். அவர் கேட்டது கிடைத்ததால் யாருக்கும் எதுவும் குறையவில்லை. இப்போது தேர்வுக் காலத்தில் நம் கத்தோலிக்கத் தாய்மார் மெழுகுதிரியோடு மன்றாடுவதும் அந்தக் கெபியின் முன்தான். மலைமேல் கேட்பதைத்தான் இங்கேயும் கேட்கிறார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். என் அக்காவும் அதே கூட்டம்தான்.

செபதேயுவின் மனைவியை மத்தேயு மறுபடி ஓரிடத்தில் காட்டுகிறார். கல்வாரியில், தூரத்தில் நின்று பார்க்கும் பெண்களோடு. இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் யார் தொங்கினார்கள் என்று அந்தத் தாய் தன் கண்ணால் பார்த்தார். ஆனாலும் அங்கிருந்து போய்விடவில்லை. பிறகு யாக்கோபை ஏரோது வாளால் கொன்றபோது அவர் உயிரோடிருந்தாரா என்று வேதம் சொல்லவில்லை.

வரும் பிப்ரவரியில் வழக்கம்போல் இந்தப் பீடத்தின் முன் தேர்வுத் திருப்பலி உண்டு. பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் மந்திரிப்பேன், அதை நிறுத்தப்போவதில்லை. கருத்துச் சீட்டில் மட்டும் இம்முறை இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் உங்கள் பிள்ளை. இரண்டாவதில், அவனுக்குப் போட்டியாக வகுப்பில் முந்திப் படிக்கும் பிள்ளை. பெயர் தெரியாவிட்டால் உங்கள் பையனையே கேளுங்கள், உடனே சொல்லிவிடுவான். சீட்டு உபதேசியாரிடம் கிடைக்கும்.