அம்மா நேர்ந்த காவடி யாரோட கடன்?

ஓம் சரவணபவ.

உங்களைக் கேட்காமலே உங்க பேர்ல இன்னொருத்தர் முருகன்கிட்ட நேர்ந்துக்கிட்டா, அந்த நேர்த்திக்கடன் யாரோடது? நேர்ந்தவங்களோடதா, உங்களோடதா?

நம்மள்ல நிறைய பேருக்கு முதல் மொட்டையே இப்படித்தான் விழுந்திருக்கும். காய்ச்சல் குறையணும்னு பாட்டி நேர்ந்திருப்பாங்க, முடி நம்மளோடது. கைக்குழந்தைகிட்ட சம்மதம் கேட்க முடியாது, அதனால அங்கே இந்தக் கேள்வி எழாது. ஆனா எனக்கு இருபத்திரண்டு வயசு. என் அம்மா நேர்ந்தது என் முடியை இல்ல, காலை.

எங்க ஊர் தேனி மாவட்டம் தேவாரம். மேற்கே நிமிர்ந்து பார்த்தா மலை. அதுக்கு அந்தப்பக்கம் கேரளா, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்கள். எங்க பக்கத்துப் பெண்கள் விடியுறதுக்கு முன்னாடியே ஜீப்புல ஏறி, போடிமெட்டு வழியா சுத்திக்கிட்டு அங்கே வேலைக்குப் போறாங்க. (தேவாரத்துல இருந்து சாக்கலூத்து மெட்டு வழியா நேர் ரோடு வேணும்னு ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டிருக்கோம். தேர்தலுக்குத் தேர்தல் யாராவது அதை நேர்ந்துக்குறாங்க, செலுத்தத்தான் ஆள் இல்ல.) அம்மாவும் அந்த ஜீப்புல போறவங்கதான். ஏலச்செடியில காய் உச்சியில காய்க்காது. தூரை ஒட்டித் தரையில கிடக்கிற சரத்துல காய்க்கும். குனிஞ்சு, குத்துக்கால் வச்சு உட்கார்ந்து, முத்தினதை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்கணும். பதினஞ்சு வருஷம் இதைச் செஞ்ச முட்டி எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

நான் எம்.எஸ்சி. படிக்கிறேன். நார்வே நாட்டுல ஆஸ்லோவுக்குப் போய் ஒரு செமஸ்டர் படிக்க வாய்ப்பு வந்துச்சு. விசா வருமா வராதான்னு இழுத்துக்கிட்டே போன நாள்ல, அம்மா போடி சுப்பிரமணிய சுவாமி கோயில்ல நின்னு நேர்ந்துக்கிட்டாங்க. விசா கிடைச்சிட்டா, இந்தத் தைப்பூசத்துக்கு என் மக பழனிக்கு நடந்து வந்து பால்காவடி எடுப்பா. விசா டிசம்பர் கடைசியில வந்துச்சு. கிளாஸ் ஜனவரி முதல் வாரம். தைப்பூசம் வரும்போது நான் ஆஸ்லோவுல இருப்பேன். வேண்டின வரம் கிடைச்சதாலேயே வேண்டுதலைச் செலுத்த முடியாமப் போச்சு. அம்மா அந்த அவசரத்துல இதை யோசிக்கல. முருகனாவது யோசிச்சிருக்கலாம்.

வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன். ரெண்டு பதில் வந்துச்சு. "விடு, முருகன் கோவிச்சுக்க மாட்டாரு"ன்னு ஒண்ணு. "நேர்ந்ததைச் செலுத்தலேன்னா தெய்வக் குத்தம்"னு இன்னொண்ணு. ரெண்டுமே என் கேள்விக்குப் பதில் இல்ல. அவர் கோவிச்சுக்குவாரா இல்லையாங்கிறது நான் கேட்டதே இல்லையே. கடன் என்னோடதான்னுதான் கேட்டேன்.

இந்தக் கேள்வி ஊர்ல இருந்திருந்தா எனக்குத் தோணியிருக்காது. ஆஸ்லோவுல இறங்கின முதல் நாள்ல இருந்து, இங்கே ஒவ்வொண்ணும் "உன் பாடு உன்னோடது"ன்னு சொல்ற மாதிரியே இருந்துச்சு. ஜனவரியில ஒன்பது மணிக்கு மேலதான் சூரியன் வருது, மூன்றரை மணிக்கெல்லாம் போயிடுது. நடைபாதை பூரா ஐஸ். வழுக்காம இருக்கப் பொடி ஜல்லி தூவி வச்சிருக்காங்க. ஷூவுக்கு அடியில மாட்டிக்கிற இரும்பு முள் பட்டை ஒண்ணு விக்குது, வாங்கி மாட்டிக்கிட்டேன். மெட்ரோ ஸ்டேஷன்ல டிக்கெட் போட்டாத்தான் திறக்கிற கேட் கிடையாது. பரிசோதகர் எப்பவாவதுதான் வருவார். டிக்கெட் எடுக்கிறது உன் பொறுப்பு, அவ்வளவுதான். வீட்டு வாசல்லயே ஷூவைக் கழட்டிட்டு உள்ளே போற பழக்கம் மட்டும் அப்படியே நம்ம ஊர். அதைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

ஹாஸ்டல்ல சமையலறை பொது. கூட இருக்கிற நார்வேப் பொண்ணுகிட்ட ஒருநாள் சாம்பார் கொதிக்கிற நேரத்துல இந்தக் கதையைச் சொன்னேன். அவ சிரிக்கல, கிண்டல் பண்ணல. ஒரே ஒரு கேள்வி கேட்டா. "உன் கால் நடக்கும்னு வாக்குக் கொடுக்க உன் அம்மாவுக்கு என்ன உரிமை இருக்கு?"

அவ படிப்புக் கடன் அவ பேர்ல மட்டும் இருக்கு. 1947-லயே இங்கே அரசாங்கம் மாணவர்களுக்குன்னு லோனெகாஸ்ஸென்னு ஒரு கடன் நிதி தொடங்கிடுச்சு. கல்லூரிப் படிப்புக்கு அப்பா அம்மா கையெழுத்து வேண்டாம். என் படிப்புக் கடன்ல எங்க அப்பா இணைக் கடன்தாரர். நம்ம ஊர் வங்கியில பெத்தவங்க சேர்ந்து கையெழுத்துப் போடாம பெரும்பாலும் நடக்காது. நான் கட்டலேன்னா அவரைத்தான் பிடிப்பாங்க. இதைச் சொன்னப்போ அவளுக்கு அது இன்னும் விநோதமா இருந்துச்சு.

அவ கேள்வியை நான் லேசா தள்ளிவிட முடியாது. நாளைக்கே அம்மா இதே சந்நிதியில நின்னு, "என் தம்பிக்கே என் மகளைக் கட்டி வைக்கிறேன்"னு நேர்ந்துக்கிட்டா நான் ஒத்துக்குவேனா? மாட்டேன். யார் சந்நிதியில சொன்னாலும் மாட்டேன். அப்போ "அம்மா நேர்ந்துட்டாங்க, அதனால செய்யணும்"ங்கிறது எனக்கு விதியா இருக்க முடியாது. தசரதன் கொடுத்த வரத்துக்கு ராமன் காட்டுக்குப் போனதை நாம கொண்டாடுறோம். ராமனாவது பெரியவன், தானே கிளம்பினான். சிறுத்தொண்டர் கதை கேட்கிறப்போ எல்லாம் எனக்கு சீராளன் ஞாபகம்தான் வரும். அவனை யாரு கேட்டாங்க?

இங்கே ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும்னு தோணுது. நாலு நாள் நடக்கிறது வேற, ஆயுசு முழுக்க ஒருத்தரோட வாழுறது வேற. முதலாவதைச் செஞ்சுட்டு நான் நானாவே திரும்பி வரலாம். ஆனாலும் அளவு சின்னதுங்கிறதுக்காக உரிமை வந்துடாது. பக்கத்து வீட்டுக்காரர் என் பேர்ல ஒரு ரூபாய் கடன் வாங்கினாலும் கடன் கடன்தானே.

அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். இங்கே ராத்திரி பத்து, அங்கே ரெண்டரை மணி ஆகுற நேரம். அம்மா எழுந்து ஜீப்புக்குக் கிளம்புறவரை காத்திருந்துதான் போட்டேன். கோவமா கேட்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். "ஏம்மா, உன் காலை நேர்ந்திருக்கலாம்ல? நீயே நடக்கிறேன்னு சொல்லியிருக்கலாமே?"

"எங் காலு தெனமும் மலை ஏறுது தாயி. அதைக் கொண்டுபோய் அவங்கிட்டக் குடுத்தா அவனுக்கு அது என்ன பெருசு? எங்கிட்ட இருக்கறதுல பெருசு நீதான். பெருசைத்தான குடுக்கணும்."

இதுக்கு மேல என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல. அம்மாவால விசா பாரம் நிரப்ப முடியாது. தூதரகத்துக்குப் போன் பண்ண முடியாது. என் பாடம் என்னன்னுகூடத் தெரியாது. இந்தப் பயணத்துல அவங்க பங்குன்னு போட முடிஞ்சது அது ஒண்ணுதான். அவங்ககிட்ட இருந்ததுலயே விலை கூடினதை எடுத்து வச்சாங்க. அது அவங்களோடது இல்லைங்கிறதுதான் சிக்கல்.

காவடியோட கதைக்கே போய்ப் பார்த்தேன். அகத்தியர் சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையைத் தெற்கே கொண்டுவரச் சொல்றார். இடும்பன் ஒரு கம்புல ரெண்டு பக்கமும் கட்டித் தோள்ல தூக்கி வர்றான். பழனியில இறக்கி வைக்கிறான், திரும்பத் தூக்க முடியல. மேலே கோவணத்தோட ஒரு பையன். சண்டை. இடும்பன் சாகுறான், திரும்ப உயிர் பெறுறான். இது நமக்கெல்லாம் தெரிஞ்ச கதைதான். ஆனா நான் ஆஸ்லோவுல உட்கார்ந்து யோசிச்சப்போ இதுவரை கவனிக்காத ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. உலகத்தோட முதல் காவடி, தூக்கினவனோட சொந்தச் சுமை இல்ல. அது சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரவும் இல்ல. பாதி வழியில நின்னுபோச்சு. ஆனா வேலையை முடிக்காதவன்னு இடும்பனை யாரும் சொல்றதில்ல. பழனி மலை ஏறும்போது அவனைக் கும்பிட்டுட்டுத்தான் மேலே போறோம்.

மூணாவதா ஒண்ணும் இருக்கு. அகத்தியர் அவன்கிட்ட கேட்டார். அவன் சரின்னு சொன்னான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மெருட் போனேன். அங்கே சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கு, 1998-ல் தொடங்கினது. நார்வேக்கு ஈழத்தமிழர் வருகை 1956-ல் யாழ்ப்பாணத்து அந்தோனி ராஜேந்திரம் வந்ததுல ஆரம்பிக்குது. பின்னாடி இங்கே இருக்கிற மக்கள் உயர்பள்ளிகள்ல படிக்கன்னு மாணவர்கள் வந்தாங்க, 1983-க்கு அப்புறம் அகதிகளா வந்தாங்க. அதாவது இந்த ஐஸ்ல வழுக்கின முதல் தமிழ்ப் பிள்ளை நான் இல்ல. உள்ளே போனதும் சூடான கற்பூர வாசம் வந்துச்சு. கோட்டு, ஸ்வெட்டர் எல்லாம் கழட்டினதும் பட்டு வேட்டியோட நிக்கிறவங்களைப் பார்த்தா வெளியே மைனஸ் எட்டுன்னு யாரும் நம்ப மாட்டாங்க.

பிரசாதம் வாங்குற இடத்துல ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், என்ன படிப்புன்னு கேட்டார். நானும் என் கேள்வியை அவர்கிட்ட வச்சேன்.

"அம்மா சந்நிதி முருகனுக்குக் காவடி நேர்ந்துபோட்டுத்தான் என்னை அனுப்பினவா, பிள்ளை. எண்பத்தேழில வந்தனான். அம்மா செத்ததுக்கும் போகேலாமல் போச்சு."

"அது உங்க கடன் இல்லைன்னு தோணலையா ஐயா?"

"தோணினது. கன காலம் நான் எடுக்கேல்லை. நான் கேட்டனானோ எண்டு கோவம். அம்மா போன பிறகுதான் இஞ்ச முதல் காவடி எடுத்தன். அப்ப ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை." கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொன்னார். "சமாதான காலத்தில ஊருக்குப் போகேக்க சந்நிதியிலயும் எடுத்தன். இஞ்ச எடுத்தது கணக்கில வருமோ வராதோ எண்டு எனக்குத் தெரியாது. அங்க போக, கால் தன்பாட்டில நடந்துது."

அவர் சொன்னதுல எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. அம்மா நேர்ந்ததை நான் கடன் பத்திரமா பார்த்துக்கிட்டிருந்தேன். அப்பா வங்கியில போட்ட கையெழுத்து மாதிரி பார்த்திருக்கணும். இவ கட்டுவான்னு நம்பி, இன்னும் நடக்காத ஒண்ணுக்கு ஒருத்தர் பக்கத்துல பேர் எழுதுறது. அதுல என் கையெழுத்துக்கான இடம் காலியாத்தான் இருக்கு. போடாம இருக்கவும் எனக்கு உரிமை உண்டு. அந்த நார்வேப் பொண்ணு சொன்னது அவ்வளவும் சரி. அந்த உரிமையை வச்சுக்கிட்டே நான் போடுறேன்.

தைப்பூசத்தன்னிக்கு ஹாஸ்டல்ல இருந்து அம்மெருட்டுக்கு மெட்ரோவுல போகாம நடந்து போறதா முடிவு. பால், கடையில விக்கிற ஒரு லிட்டர் அட்டைப்பெட்டிப் பால்தான். இது பழனிக்குப் பதில்னு நான் சொல்லிக்க மாட்டேன். அது தனியா நிக்குது.

அம்மாகிட்ட சொன்னேன். "அடுத்த தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறேம்மா. ஆனா இது நீ நேர்ந்தது இல்ல, நான் நேர்ந்துக்கிட்டது."

"அப்போ எங் கணக்கு?"

"அதை நீயே அவர்கிட்ட பேசிக்க. இனிமே என் பேர்ல எதையாவது நேர்ந்துக்கணும்னா மட்டும் முதல்ல எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு."

"அவங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கையில நடுவுல உனக்கு எங்கிட்டுடி போன் போடுறது?" ஜீப் ஹாரன் சத்தம் கேட்டுச்சு. வச்சிட்டாங்க.

முருகா சரணம்.