சத்தியவதி விடுவித்த பிறகும்

வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். வாக்கு, சபதம் என்று யாராவது ஆரம்பித்தால், அது யாருக்குக் கொடுத்தது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, வாக்கைப் பெற்றவர் மனம்வைத்தால் அதை முழுதாகவோ பாதியாகவோ விட்டுக்கொடுக்கலாம். நோ டியூ சர்டிபிகேட் கொடுத்துக் கணக்கை மூடிவிட வேண்டியதுதான்.

பீஷ்மர் மூடவில்லை. தந்தை சந்தனு சத்தியவதியை மணக்க வேண்டும் என்பதற்காக அரியணையும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம் என்று சபதம் செய்தார். தேவர்கள் பூமாரி பொழிந்தார்கள். பின்னால் சத்தியவதி சந்தனுவுக்குப் பெற்ற பிள்ளைகள் இருவரும் வாரிசில்லாமல் செத்துப்போக, யாருக்காகச் சபதம் செய்தாரோ அவளே வந்து, ராஜ்யத்தை ஏற்றுக்கொள், வம்சத்தைக் காப்பாற்று என்று மன்றாடினாள். மறுத்துவிட்டார். அவளுக்காகக் கொடுத்த வாக்கு அந்த நிமிஷமே தன் பெயருக்குக் கொடுத்த வாக்காக மாறிவிட்டது என்பேன். பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

பிள்ளைக்கு ஜுரம் இறங்கினால் பழனியில் மொட்டை என்று வேண்டிக்கொள்வதைப் பேரம் என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிப்பதில்லை. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பது அதில் தெளிவு. முடி இறக்கினால் கடன் தீர்ந்தது.

சாக்கிய நாயனார் சங்கதி இந்த இரண்டிலும் அடங்காது. அறுபத்துமூவரில் ஒருவர். காஞ்சியில் பௌத்தர் வேடத்தில் இருந்துகொண்டே மனசில் சிவனை வைத்திருந்தவர். ஒருநாள் வெட்டவெளியில் லிங்கத்தைக் கண்ட பரவசத்தில், கையில் கிடைத்த கல்லை எடுத்து அதன்மேல் எறிந்துவிட்டார். மறுநாளிலிருந்து அதுவே நித்திய பூஜை. ஒருநாள் மறதியாகச் சாப்பிட உட்கார்ந்தவர், ஞாபகம் வந்ததும் நல்ல பசியோடு எழுந்து ஓடினார். அவரிடம் யாரும் வாக்கு வாங்கவில்லை, விடுவிக்கவும் ஆளில்லை. பார்க்கிறவன் கண்ணுக்கு அது சாமிமேல் கல்லெறிகிற வேலை. அதில் நல்ல பெயர் எங்கே வரும்? இருந்தும் ஓடினார். பீஷ்மரைவிட இவரை ஒருபடி மேலே வைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பழைய சபதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுப் படியேறாத பெரியப்பா ஒருவர் இருக்கக்கூடும். அது யாருக்குக் கொடுத்த வாக்கு என்று அவரிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.