தம்மவர் என்றால் இழிசொல் ஆகுமா?

ஹஜ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துரைத்தார்கள். இழிக்கப்பட்டவர் பிலால் (ரலி) என்றும், சொன்ன சொல் ‘கறுப்பியின் மகனே’ என்றும் சில அறிவிப்புகளில் வருகிறது. அபூதரிடம் அறியாமைக் காலம் இன்னும் எஞ்சியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை புகாரீயில் காணலாம். ஆதியில் இஸ்லாத்தைத் தழுவியவர், பெரும் துறவி, அவருக்கே சலுகையில்லை!

“வெள்ளையன் சொன்னால் குற்றம், கறுப்பர் தமக்குள் சொல்லிக்கொண்டால் என்ன?” இது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கு. அடிமைகளை விளித்த அந்தச் சொல்லை எழுத என் பேனா கூசுகிறது. கறுப்பின நகைச்சுவையாளர் ரிச்சர்ட் பிரையர் 1974-ல் தம் இசைத்தட்டின் பெயரிலேயே அதை வைத்தார். 1979-ல் கென்யா சென்றார். திரும்பிய திசையெல்லாம் கறுப்பு மக்கள். ஒருவரையும் அப்படி அழைக்க அவருக்குத் தோன்றவில்லை. இனி அதைச் சொல்வதில்லை என்று 1982-ல் வெளிவந்த படத்தில் அறிவித்தார்.

உறவாகச் சொல்பவரையும் இழிவாகச் சொல்பவரையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் 49:11 திருவசனத்தைக் கவனியுங்கள். குறை கூறுவதைத் தடுக்கும்போது ‘பிறரை’ என்னாமல் ‘உங்களையே’ என்கிறது. பட்டப்பெயர் சூட்டுவதை அடுத்தே விலக்குகிறது. தம்மவர் என்பது இங்கே அனுமதியாகவில்லை. தடையே அவர்களை நோக்கித்தான்!

பிற்காலத்தில் ரபதாவில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்தித்தவர், அவர்களும் அவர்களுடைய அடிமையும் ஒரே விதமான ஆடை உடுத்தியிருக்கக் கண்டு காரணம் கேட்டார். அதற்குப் பதிலாகத்தான் அவர்கள் இந்நிகழ்ச்சியைக் கூறினார்கள்.