ஊசியும் மானமும்

“ஒழுக்கமாக வளரும் பெண்பிள்ளைக்கு இந்த ஊசி எதற்கு?” கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் மானத்தை உயிரினும் மேலாகப் போற்றும் பெற்றோர் இவ்வாறு வினவினால் வியப்பில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 14 வயதுச் சிறுமியர்க்குப் படிப்படியாகப் போடுவதற்கென, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமான எச்.பி.வி. எனும் கிருமி உடலுறவின் வழியே பரவுவது. கூச்சமெல்லாம் இந்த ஓரிடத்திலிருந்தே பிறக்கிறது. ஆனால் கிருமி ஹலால், ஹராம் அறியாது. கணவனையன்றி வேறெவரையும் அறியாத பத்தினிக்கும் அக்கணவன் வழியாகவே அது வந்து சேரும். அவனிடம் நோய்க்குறி எதுவும் தென்படாமலிருக்கலாம். பல்லாண்டுகள் கழித்து அவள் உடலில் புற்றாக விளையவும் கூடும். (மணமகளின் ஒழுக்கத்தைத் துருவித் துருவி விசாரிக்கும் நாம், மணமகனின் கடந்த காலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை!) ஷரீஅத் அனுமதித்த மறுமணத்தின் வழியாகவும் அது வரக்கூடும். கிருமி தொற்றுமுன் போட்டால்தான் ஊசி முழுப்பயன் தரும் என்பதனாலேயே சிறு வயதைத் தேர்ந்தார்கள். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள் இந்நோய்க்கு இரையாயினர்.

“எல்லாம் தக்தீர்” என்பாரும் உளர். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியதறிந்து, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்கு எனுமிடத்திலிருந்தே திரும்பினார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என வினவப்பட்டபோது, திரும்புவதும் அவன் விதித்ததே என்னும் கருத்தில் விடையளித்தார்கள். தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையான இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்புச் சிறுமியர்க்குப் பள்ளியிலேயே இவ்வூசி போடப்பட்டு வருகிறது. நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற மலேசியாவில் 2010லேயே தொடங்கிவிட்டது.

ஆயின், பெற்றோர் கேட்டேயாக வேண்டிய வினா வேறொன்று உண்டு. 2009இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் இவ்வூசி போடப்பட்டபோது, விடுதிகளில் தங்கிய சிறுமியர் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே இசைவுப் படிவத்தில் கையொப்பமிட்டனர். பின்னர்ச் சிறுமியர் சிலர் இறந்தனர். அவ்விறப்புகளுக்கு ஊசி காரணமென்று விசாரணைக் குழு காணவில்லை. எனினும் 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு அதனைக் கடுமையாகக் கண்டித்தது. வலீயின் உரிமை அமானிதம். அதனை வேறொருவர் பேனாவுக்கு விட்டுவிட முடியாது.

ஆகவே, பள்ளியிலிருந்து படிவம் வரும்போது, தந்தை சபரில் இருப்பினும் தாய் அதனை முழுதும் படிக்கட்டும். ஐயங்களைச் செவிலியரிடம் கேட்கட்டும். பிள்ளையிடமும் சொல்ல வேண்டும். தொழுகையும் நோன்பும் கடமையாகிவிட்டவளுக்குத் தன் உடலில் செலுத்தப்படுவது இன்னதென்று அறியும் வயது வரவில்லையா? ஊசி போட்டவர்க்கும் முப்பது வயதிற்குமேல் பரிசோதனை தேவை. அதனையும் அப்போதே சொல்லி வைக்கலாம்.