இரண்டாவது ஆசான்



சென்ற பௌர்ணமியன்று வேலந்தாவளத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நாம் தம்மம் உரைத்து முடித்ததும், ஓர் இளைஞன் எழுந்து, "ஐயா, ஆறாண்டுகளாகச் சிலம்பம் கற்கிறேன். களரியும் பயில ஆசை. ஆசானுக்குத் தெரிந்தால் மனம் வருந்துவார். சொல்லாமலே போய் வரலாமா?" என்று வினவினான். சிலர் நகைத்தனர். நமக்கோ நகை வரவில்லை. அவ்வினாவுக்குள் நமது பழைய குற்றம் ஒன்று இருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

பாலக்காட்டு எல்லையில் வாளையாறு முதல் கோவிந்தாபுரம் வரையிலும், இடுக்கியில் மறையூர், குமுளிப் பக்கங்களிலும் தமிழும் மலையாளமும் ஒரே வீதியில் வழங்குகின்றன. சிலம்பமும் களரியும் அங்ஙனமே அண்டை வீட்டார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு விழாவில் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. ஆகலின் இளைஞனின் ஆசை குற்றமன்று.

இரண்டும் ஒன்றல்ல. சிலம்பக்காரன் நெற்றியளவு கோலை ஏந்தி, நிமிர்ந்த உடலோடும் இலேசான காலடியோடும் பகைவனைத் தொலைவிலேயே நிறுத்துகிறான். வடக்கன் களரியிலோ முதற்படி மெய்த்தாரி. யானை, சிங்கம், குதிரை முதலிய வடிவுகளில் உடலைத் தாழ்த்தித் தரையை ஒட்டிப் பழக வேண்டும். அதன் பின்னரே கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை. ஒன்று தொலைவைக் கற்பிக்கும். மற்றொன்று நெருக்கத்தைக் கற்பிக்கும். ஒன்றை மட்டும் அறிந்தவனுக்குத் தன் குறை தெரியாது. இது இரண்டாவது கலையின் நன்மை.

தீமையும் உண்டு. நாம் மில்லில் இருந்த காலத்தில் கண்டது இது. ஒரு மெஷினில் அறுந்த இழையை ஒட்டத் தெரியாதவன் இரண்டு மெஷினை ஏற்றுக்கொண்டால், இரண்டிலும் இழை அறுந்தே நிற்கும். கால் எதில் ஊன்றுவது என்று அறியாதவனும் அவ்வாறே. அடி வரும் நேரத்தில் உடல் நிமிர்வதா, தாழ்வதா என்று தயங்கும். அத்தயக்கத்திலேயே அடி விழும்.

ஜப்பானிய ஜூடோவை வகுத்த கானோ ஜிகோரோ முதலில் தென்ஜின் சின்யோ என்னும் முறையைக் கற்றார். பின்னர் கிதோ முறையில் வீழ்த்தும் வித்தையைப் பயின்றார். 1882ஆம் ஆண்டில் டோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில், 12 பாய் விரித்த அறையில் தமது பள்ளியைத் தொடங்கினார். புதியதை வகுத்தும் பழையதை அவர் எறியவில்லை. கிதோ முறையின் வரிசைகளை ஜூடோவுக்குள்ளேயே போற்றிக் காத்தார்.

இங்கே சிலர், காஞ்சியிலிருந்து சென்ற போதி தருமரே சீனருக்குச் சண்டைக் கலை தந்தார் என்று மார்தட்டுவர். அது பல நூற்றாண்டு கழித்து எழுந்த கதை. பொய்ப் பெருமை நமக்கு வேண்டா. நமக்கு மெய்யான சான்று பகவானே.

சித்தார்த்தர் ஆளார காலாமரிடம் சென்றார். அவர் அறிந்த தியானம் முழுவதையும் கற்றார். "எனக்கு நிகராக இருந்து இக்கூட்டத்தை நடத்துக" என்று ஆசான் அழைத்தார். துக்கம் தீரும் வழி அதுவன்று எனக் கண்டு, உத்தக ராமபுத்திரரை நாடினார். அங்கும் முடிவு கிட்டாமல் தாமே முயன்று போதி அடைந்தார். அடைந்தபின் "யாருக்கு முதலில் உரைப்பேன்?" என்று எண்ணியபோது, முதலில் நினைவுக்கு வந்தவர் ஆளாரர், அடுத்தவர் உத்தகர். ஒருவர் ஏழு நாள் முன்னரும், மற்றவர் முந்தின இரவும் இறந்திருந்தனர். கவனியுங்கள்: விட்டுச் சென்ற ஆசானையே முதலில் நினைத்தார்!

இனி நமது குற்றம். இளமையில் ஒரு முதியவர் கூலி வாங்காமல் நமக்குச் சிலம்பம் கற்பித்தார். அவருக்குச் சொல்லாமல் நாம் ஒரு களரிக்குப் போனோம். பிறர் வாயால் அறிந்தும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே நம்மைச் சுட்டது. வெட்கத்தால் அவர் வாசலை மிதிப்பதை விட்டோம். மில் மூடிய பின், தம்மத்தை ஏற்று, மன்னிப்புக் கேட்கச் சென்றோம். வீடு பூட்டியிருந்தது. அவர் முந்தின மழைக்காலத்திலேயே காலமானார் என்று அண்டையார் சொன்னார்கள். கற்ற களரி நம் முழங்காலை விட்டுப் போய்விட்டது. அந்தப் பூட்டு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆகவே இளைஞனுக்கு மூன்று சொன்னோம். முதற்கலையில் கால் ஊன்றிய பின்னரே இரண்டாவதைத் தொடு. ஆசானிடம் வெற்றிலை பாக்குடன் சென்று நேரே சொல். அவர் சினந்தாலும் வணங்கி நில். எத்தனை கலை கற்றாலும் திருவிழாக் கூட்டத்தில் பிறன்மேல் கை ஓங்காதே. முதற்சீலத்தை மீறும் கைக்கு வித்தை எதற்கு?

அன்பர்களே, இரண்டாவது ஆசானைத் தேடுவது அறிவு. முதல் ஆசானை மறவாதது அறம். யாருடைய முதல் ஆசான் இன்று உயிரோடிருக்கிறாரோ, அவர் நாளை வரை காத்திருக்க வேண்டா.

மங்களம் உண்டாகுக. சாது! சாது! சாது!