அடிபடாத அட்டை

மென்கோ ஜப்பானியச் சிறுவர்களின் தடித்த காகித அட்டை. தரையில் கிடக்கும் எதிராளியின் அட்டை புரளும்படி தன்னுடையதை ஓங்கி அடிக்க வேண்டும். புரட்டியவனுக்கே அது சொந்தம். யுத்தத்திற்குப் பிந்தைய மென்கோக்களில் சுமோ மல்லர்களும், கவாகாமி, நாகாஷிமா போன்ற பேஸ்பால் வீரர்களும் பளீரென்ற வர்ணச் சித்திரங்களாக வருகிறார்கள். பின்பக்கத்தில் கல், கத்தரி, காகிதக் குறிகள். அதுவும் ஒரு விளையாட்டுக்குத்தான்.

இன்று சேகரிப்பவர் அதிக விலை தருவது மூலை மழுங்காத அட்டைக்கு, அதாவது எந்தப் பையனும் தரையில் அறையாத ஒன்றுக்கு. பாதுகாப்பதும் பிரியம்தானே என்கிறார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகப் படவில்லை. வங்கியில் அழுக்கு நோட்டு எண்ணுகிறவன் நான்; கசங்கியதால் பத்து ரூபாய் ஒன்பதாகிவிடுவதில்லை. இங்கே புழங்கிய தடயமே குறையாகிறது. பையன் தனக்குப் பிடித்த நாகாஷிமாவைத் தோற்றுவிடக்கூடும் என்று தெரிந்தேதான் வீசினான். சேகரிப்பவரிடம் அந்தப் பயம் இல்லை. ஆனாலும் கவாகாமியின் அந்தச் சிவந்த முகத்தை நான் பார்க்க முடிந்தது, யாரோ விளையாடாமல் எடுத்து வைத்ததால்தான்.